ஜன்னலே இல்லாத வீடு



இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேராவது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், இல்லையென்றால் மனை வாங்கிப் போட்டுவிட்டு வங்கிக் கடனுக்கு அலைந்துகொண்டிருப்பவர்கள் என்று செயலாளர் சொன்னார். 'இயற்கையோடு இசைந்த எளிய நவீன இல்லம்' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரும் படங்களைத் திரையில் போட்டே இந்த ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். மலைச்சரிவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, காட்டுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சுவர், அதன் முன்னால் ஒற்றை நாற்காலி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் வெயிலையும் புழுக்கத்தையும் ஐப்பசி அடைமழையையும் எண்பது ஆண்டுகளாகத் தாங்கி நின்று, இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிற ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை உங்களோடு சேர்ந்து நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த 'கோல்கோந்த்' விடுதிதான் அது.

ஆசிரமவாசிகள் தங்குவதற்காகக் கட்டியது. ஆளுக்கு ஓர் அறை. ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளை வளர்க்கிற வீடு அல்ல. அப்புறம் ஏன் அதைப் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். கோடைப் பகலில் ஒரு மனிதன் நிம்மதியாக உட்கார்ந்து படிக்கவும், இரவில் அயர்ந்து தூங்கவும் என்னென்ன வேண்டும், எதெல்லாம் வேண்டாம் என்ற கேள்விக்கு நம் கடற்கரையில் கிடைத்த மிகத் தெளிவான விடை அந்த அறை என்று நான் நினைக்கிறேன். கூடம், சமையல்கட்டு, பூஜையறை எல்லாம் அதற்கப்புறம் சேர்த்துக்கொள்ளக்கூடியவை.

கடற்கரையிலிருந்து சில தெருக்கள் உள்ளே வந்தால் மதிலுக்கு மேலே அந்தக் கட்டடம் தெரியும். சாம்பல் நிறம். வளைவு, தூண் வேலைப்பாடு, பூச்செதுக்கு எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்தில் மஞ்சள் பூச்சும் மர ஜன்னல் கதவுமாக நிற்கிற பிரெஞ்சுக் காலத்து வீடுகளோடு அதற்கு எந்த உறவும் இல்லை. சற்று நேரம் பார்த்த பிறகுதான் ஒன்று உறைக்கும்: இதில் ஜன்னலே இல்லை. தரைத்தளத்திலிருந்து உச்சிவரை, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, படுக்கைவாட்டில் அடுக்கிய சாய்பலகைகள். லூவர் என்று நாம் கழிவறை ஜன்னலுக்கு வைக்கிறோமே, அதே தத்துவம். இங்கே பலகைகள் அகலமானவை, அஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்தவை. சுவருக்குள் ஒரு ஜன்னல் என்பது போய், சுவர் முழுவதுமே திறந்து மூடுகிறது.

அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மே மாத முற்பகலில் உள்ளே போயிருந்தேன். வெளியே தார்ச்சாலை கண்ணைக் கூசவைத்தது. உள்ளே காலடி வைத்ததும் முதலில் மாறியது வெளிச்சம். இருட்டு இல்லை, வெளிச்சம் கனிந்திருந்தது. பலகைகளில் பட்டுத் திரும்பி, கூரையில் ஏறி, அங்கிருந்து தரைக்கு இறங்குகிற ஒளி அது. சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் பொடி எழுத்துப் புத்தகத்தை வைத்துப் படிக்கலாம். தரை கருப்புக் கடப்பைக் கல். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவனுக்கு உள்ளங்காலில் ஏறிய குளிர்ச்சியை இப்போதும் சொல்லிக் காட்டலாம். சுவரில் பெயிண்ட் இல்லை. கடற்சிப்பிச் சுண்ணாம்பை அரைத்து, பூசி, கல்லால் இழைத்து இழைத்து மெருகேற்றிய பூச்சு. செட்டிநாட்டு வீடுகளில் கையை வைத்தால் வழுக்கும் சுவர் இருக்குமே, அந்த வேலையின் உறவு.

அறைக்கும் நடைவழிக்கும் நடுவே தேக்கில் ஒரு தள்ளு கதவு. இந்தக் கதவின் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன். செங்குத்துச் சட்டங்களை இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளிக்கு நேராக மற்றொன்றின் மரம் வருமாறு பொருத்தியிருக்கிறார்கள். கதவைச் சாத்திய பிறகும் காற்று உள்ளே வரும். பார்வை உள்ளே போகாது. நம் வீடுகளில் தனிமை வேண்டுமென்றால் கதவைச் சாத்துகிறோம், சாத்தினால் புழுங்குகிறது, புழுங்கினால் திறக்கிறோம், திறந்தால் தனிமை போகிறது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எல்லோருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். அதை ஒரு மின்கம்பியும் இல்லாமல், இரண்டு வரிசைச் சட்டங்களால் தீர்த்திருக்கிறார்கள். அறையில் ஒரு கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி. எல்லாம் தேக்கு. வேறு சாமான் வைக்க இடம் இருக்கிறது, வைக்கத் தோன்றவில்லை.

இனி இது எப்படிக் கட்டப்பட்டது என்ற கதைக்கு வருகிறேன். 1930களின் நடுவில் ஆசிரமத்தில் ஆட்கள் பெருகி இடம் போதாமல் போனது. அன்னை என்று அழைக்கப்பட்ட மிர்ரா அல்ஃபாஸா, ஜப்பானில் தொழில் நடத்திக்கொண்டிருந்த அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார். ரேமண்ட் 1888இல் பொஹீமியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஓட்டல் வேலைக்காக 1919 கடைசியில் டோக்கியோவுக்கு வந்தார். வந்த வேலை முடிவதற்குள்ளேயே ரைட்டின் பாணியிலிருந்து விலகி, தனியாகத் தொழில் தொடங்கி, அங்கேயே தங்கிவிட்டார். ஜப்பானிய மரவீட்டின் தள்ளு கதவும் தாழ்ந்த இறவாணமும் திறந்த தளமும் அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன. கான்கிரீட்டில் நல்ல பிடிப்பு உள்ளவர். பணத்துக்கு ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி நிஜாமிடம் பேசி வழிசெய்தார். அந்த நன்றிக்காகத்தான் நிஜாம் நாட்டின் வைரத்துக்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயர், பிரெஞ்சு உச்சரிப்பில், ஓர் ஆசிரம விடுதிக்கு வந்து சேர்ந்தது.

ரேமண்ட் தன் டோக்கியோ அலுவலகத்திலிருந்து இரண்டு இளைஞர்களை அனுப்பினார். ஒருவர் ஜார்ஜ் நாகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். மற்றவர் ஃபிரான்டிஷெக் ஸாம்மர், செக் நாட்டுக்காரர், பாரிஸில் கட்டடக் கலைஞர் லெ கார்புசியேயிடம் வேலை பார்த்தவர். கட்டுமானம் 1937இல் தொடங்கியது. ரேமண்ட் சில மாதங்கள் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டுப் போய்விட்டார். நாகாஷிமா சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஆசிரமத்தில் சேர்ந்தார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. அவர் 1939இல் கிளம்பினார். பின்னாளில் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாமில் குடும்பத்தோடு கிடந்து, அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலையைக் கற்று, 1943இல் ரேமண்டின் உதவியால் வெளியே வந்து, அந்த நூற்றாண்டின் பெரிய மரவேலைக் கலைஞர்களில் ஒருவரானார். அவர் கையின் ஆரம்பகால மரச்சாமான்கள் புதுச்சேரியில் ஒரு தேக்குக் கட்டிலாகவும் நாற்காலியாகவும் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர் கிடையாது. வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் ஆசிரமவாசிகள். பலருக்குக் கரண்டி பிடித்தும் பழக்கமில்லை. ஆணி, கீல், கைப்பிடி எல்லாம் அங்கேயே செய்யப்பட்டன. போர் வந்து கப்பல் போக்குவரத்து தடுமாறிய காலம். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் பல பொருத்துச் சாமான்களைச் செய்தார்கள். விமானப் பொறியியல் படித்த உதார் பின்டோ என்ற ஆசிரமவாசி அந்தப் பட்டறையை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் ஆட்கள் குடிவந்தார்கள், சில்லறை வேலைகள் அதற்குப் பிறகும் நடந்தன. சண்டிகர் நகரத்துக்காக லெ கார்புசியே இந்தியாவுக்கு வந்தது 1951இல்தான். நம் நாட்டின் நவீனக் கட்டடக்கலை சண்டிகரில் தொடங்குவதாகப் பாடம் எழுதுகிறவர்கள் ஒருமுறை புதுச்சேரிக்கு ரயில் ஏற வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த அறை ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது?

வெப்பத்தில் இரண்டு வகை உண்டு. காரைக்குடியின் வெப்பம் ஒன்று, புதுச்சேரியின் வெப்பம் வேறு. உள்நாட்டில் பகல் சுட்டாலும் காற்றில் ஈரம் குறைவு, இரவில் ஓரளவு தணியும். அங்கே தடித்த சுவர் நல்லது. பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடாமல் தாமதப்படுத்தும். இரவில் முற்றத்து வழியாக வீடு மூச்சு விட்டுக்கொள்ளும். செட்டிநாட்டு வீட்டின் அறிவு அது. கடலோரத்தில் அந்த அறிவை அப்படியே எடுத்துவந்தால் செல்லாது. மே மாதத்தில் பகல் 37, 38 டிகிரிக்குப் போகிறது. நள்ளிரவிலும் பெரிதாக இறங்குவதில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை ஆறுவதில்லை. தடித்த சுவர் பகலில் குடித்த சூட்டை நாம் படுக்கப் போகிற நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். இந்த ஊரில் உடம்புக்குச் சுகம் வேண்டுமென்றால் ஒரே வழிதான்: வெயில் உள்ளே விழக் கூடாது, தோலின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது நிழலும் ஓட்டமும். ரேமண்ட் இதைப் புரிந்துகொண்டு, இரண்டு பக்கச் சுவரையும் எடுத்தே விட்டார்.

எந்த இரண்டு பக்கம் என்பதில்தான் சூட்சுமம். கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, ஓர் அறை அகலத்தில் ஒல்லியாக நிற்கிறது. நடுவில் படிக்கட்டு, இரண்டு புறமும் சிறகுகள். நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. புதுச்சேரி 12 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சூரியன் வடக்கே சற்றுச் சாய்ந்து 78 டிகிரி உயரத்தில் நிற்கும், கிட்டத்தட்ட உச்சியில். டிசம்பர் 22இல் தெற்கே 55 டிகிரி உயரத்தில் இருக்கும். அதாவது ஆண்டு முழுவதும் நடுப்பகல் சூரியன் இந்த இரண்டு முகங்களுக்கும் மேலிருந்தே வருகிறது. சாய்ந்த ஒரு பலகையே அதைத் தடுத்துவிடும். கிழக்கும் மேற்கும் அப்படி அல்ல. காலை எட்டு மணி வெயிலும் மாலை நாலு மணி வெயிலும் தாழ்ந்து, நேராக முகத்தில் அடிக்கும். எந்த சன்ஷேடும் அதைத் தடுக்காது. எனவே அந்த இரண்டு பக்கமும் கோல்கோந்த் குறுகி, சுவராக மூடிக்கொள்கிறது. அரை நூற்றாண்டாக நாம் கட்டும் அடுக்குமாடிகளில் மேற்கு வெயிலைப் பார்த்துப் படுக்கையறையும், அதில் பெரிய கண்ணாடி ஜன்னலும் வைத்துவிட்டு, பிறகு மின்வாரியத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். வரைபடத்திலேயே தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

வடக்கு ஓரமாக நடைவழி, தெற்கு ஓரமாக அறைகள். தெற்குப் பலகைகளில் நுழைகிற காற்று அறையைக் கடந்து, தேக்குக் கதவின் இடுக்குகளில் புகுந்து, நடைவழியைத் தாண்டி வடக்குப் பலகைகள் வழியாக வெளியேறும். வாடை வீசும் மாதங்களில் இதே பாதை தலைகீழாகும். இரண்டு பக்கமும் தோட்டம். ஒரு பக்கம் மர நிழல் அடர்ந்தும் மறுபக்கம் வெளி கூடுதலாகவும் விட்டிருக்கிறார்கள். நிழலில் கிடக்கும் காற்றுக்கும் வெயிலில் கிடக்கும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசமே, கடற்காற்று அசையாத நேரத்திலும் மெல்லிய ஓட்டத்தைக் கொடுக்கும். தோட்டம் பார்ப்பதற்காக மட்டும் வைத்ததல்ல. அது அந்தக் கட்டடத்தின் உறுப்பு. மரங்களை வெட்டினால் அறை சுடும்.

கூரையைப் பாருங்கள். சூரியன் நம் அட்சத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது, ஏப்ரல் இருபத்தோராம் தேதியையும் ஆகஸ்ட் இருபத்தோராம் தேதியையும் ஒட்டி. அப்போது சுவரில் விழும் வெயிலைவிட மொட்டைமாடியில் விழும் வெயில்தான் வீட்டைக் கொல்லும். இரவு பத்து மணிக்கு மின்விசிறியைப் போட்டால் சூடான காற்று இறங்குகிறதே, அது பகல் முழுவதும் வெந்த தளத்தின் சூடு. கோல்கோந்தில் கான்கிரீட் தளத்துக்கு மேலே, வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகளைத் தனியாக வார்த்து, இடைவெளி விட்டு வரிசையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். வெயிலை அந்த ஓடு வாங்கிக்கொள்கிறது. ஓட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் உள்ள காற்று சூடேறி வெளியே ஓடிவிடுகிறது. தளம் எப்போதும் நிழலில் கிடக்கிறது. நம் தாத்தா காலத்து மேஸ்திரிகள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, அதன்மேல் தட்டோடு பதித்ததும் சூட்டைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கத்தான். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது குறைந்துவிட்டது என்று இப்போது அதையும் விட்டுவிட்டோம்.

எளிமை என்று இந்தத் தலைப்பில் ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு இப்போது வரலாம். கோல்கோந்தில் என்னென்ன இல்லை என்று ஒரு கணக்குப் போட்டால், ஜன்னல் இல்லை, ஜன்னல் கிரில் இல்லை, திரைச்சீலை இல்லை, சன்ஷேடு இல்லை, ஃபால்ஸ் சீலிங் இல்லை, வெளிப்பூச்சு அலங்காரம் இல்லை. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலைக்காக நம் வீடுகளுக்குள் வந்தவை. அந்த வேலைகள் எல்லாவற்றையும் ஒரே பலகை செய்கிறது. வெயிலைத் தடுக்கிறது, மழையைச் சரித்து வெளியே விடுகிறது, வெளியாள் பார்வையை மறைக்கிறது, காற்றை விடுகிறது, ஒளியைப் பதப்படுத்துகிறது. அதனால்தான் மற்றவற்றை நீக்க முடிந்தது. அழகுக்காக எதையும் குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேலை முடிந்துவிட்டதால் மிச்சம் தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு புகழ்பெற்ற வீட்டைச் சொல்கிறேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றின் கரையில், மருத்துவர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்காக மீஸ் வான் டெர் ரோஹே கட்டி 1951இல் முடித்த கண்ணாடி வீடு. எட்டு எஃகுத் தூண்கள், இரண்டு வெள்ளைத் தளங்கள், நடுவே நான்கு பக்கமும் கண்ணாடி. இன்று நம் பத்திரிகைகளில் வரும் கனவு இல்லங்கள் பலவற்றுக்கு அதுதான் மூத்த தாய். அதன் அழகை நான் மறுக்கவில்லை. இலையுதிர் காலத்தில் எடுத்த அதன் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் திறக்கக்கூடியது என்று அந்த வீட்டில் இருந்தது கதவும், கிழக்கு ஓரத்தில் இரண்டு சிறு ஜன்னல்களும்தான். கோடையில் உள்ளே வெந்தது, குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் கோத்தது, சாயங்காலமானால் கொசு. வெள்ளத்துக்குப் பயந்து தளத்தை ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்திக் கட்டியிருந்தும் 1954இல் ஆறு உள்ளே வந்தது. 1996இல் கண்ணாடியை உடைத்துக்கொண்டே வந்தது. கட்டியவரும் கட்டச் சொன்னவரும் நீதிமன்றத்தில் போய் நின்றார்கள். இன்று அது ஓர் அருங்காட்சியகம்.

அந்த வீடு இயற்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மரங்களையும் ஆற்றையும் பனியையும் நான்கு பக்கமும் காட்சியாக வைத்துக்கொண்டது. வெப்பத்தையும் ஈரத்தையும் வெள்ளத்தையும் என்ன செய்வது என்பதற்கு அதனிடம் போதிய பதில் இல்லை. கோல்கோந்தில் இதற்கு மாறாக, அறைக்குள்ளிருந்து தோட்டம் முழுசாகக்கூடத் தெரியாது. பலகைகளின் நடுவே பச்சையாகக் கீற்றுகீற்றாகத் தெரியும். ஆனால் காற்று திரும்பினால் அறையில் இருப்பவருக்குத் தெரிகிறது, மழை கிளம்பினால் வாசனை வருகிறது, மேகம் மறைத்தால் மேசையின் மேல் ஒளி மாறுகிறது. இரண்டில் எது இயற்கையோடு இசைந்த வீடு என்று கேட்டால் நான் தயங்காமல் புதுச்சேரியைக் காட்டுவேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்காகத்தான் இந்தத் தலைப்பையே ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு எனக்குச் சுற்றிக் காட்டிய வயதான பெண்மணியை அங்கே எல்லோரும் தீதி என்று அழைத்தார்கள். ஓர் அறையில் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஈரத்துணியை எடுத்து ஒரு பலகையைத் துடைத்தார். வெற்றிலையைத் துடைப்பதுபோல முன்புறம் ஒருமுறை, புரட்டிப் பின்புறம் ஒருமுறை. பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினார்; அந்த வரிசை முழுவதும் சத்தமில்லாமல் சாய்ந்தது. அடுத்த பலகை, அடுத்தது. கடற்காற்றில் உப்பும் மண்ணும் ஒட்டிக்கொண்டே இருக்கும், விட்டால் கீல் இறுகிவிடும் என்றார். துடைக்கும் வேலை இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. உதாரின் மனைவி மோனா பின்டோ பல பத்தாண்டுகள் அந்தக் கட்டடத்தின் பொறுப்பில் இருந்து, எந்தப் பொருளை எப்படித் தொடுவது, எதைக்கொண்டு துடைப்பது என்று ஓர் ஒழுங்கையே உண்டாக்கிவிட்டுப் போனார். அந்த ஒழுங்கினால்தான் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிற ஒரு கான்கிரீட் கட்டடம் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நேற்று சாரம் பிரித்ததாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு கட்டி, அதற்கு முன்பே கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்த கட்டடங்களை நம் கடற்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் பார்க்கிறோம்.

இயற்கையோடு இசைந்த வீடு என்றால் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்ததோடு அது முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். கோல்கோந்த் அப்படி இல்லை. மதியம் கடற்காற்று எழும்போது பலகையை எவ்வளவு திறப்பது, ஐப்பசியில் சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது, புயல் சின்னம் என்றால் எதை முதலில் சாத்துவது என்பதெல்லாம் குடியிருப்பவரின் கையில் இருக்கிறது. நாள்தோறும் வானத்தைப் பார்த்து, கையை நீட்டி, திருப்ப வேண்டும். இதை ஒரு தொல்லையாக நினைப்பவருக்கு அந்த அறை சுகப்படாது. குளிர்சாதன இயந்திரம் இந்த வேலையை நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. அதோடு சேர்த்து, இன்றைக்கு என்ன காற்று வீசுகிறது என்று கவனிக்கும் பழக்கத்தையும் வாங்கிக்கொண்டது. தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கு ஒரு பெயர் வைத்துக் காற்றை அழைத்தவர்கள் நாம். இன்று எந்த மாதம் எந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டால் விழிக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. திறப்பதற்கு ஒரு ஜன்னலை நாம் கொடுக்கவில்லை.

ஆசிரமத்துக்கு நிலம் இருந்தது, சம்பளம் கேட்காத கைகள் இருந்தன, அவசரம் இல்லாமல் இருந்தது. எங்களுக்கு இருப்பதோ அரை கிரவுண்டு மனையும் மாதத் தவணையும்தானே என்று முன்வரிசையில் ஒருவர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. நியாயமான கேள்வி. கோல்கோந்தைப் பார்த்து அப்படியே எடுக்கக் கூடாததும் ஒன்று உண்டு. அஸ்பெஸ்டாஸ் துகள் நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று நிறுவப்பட்ட விஷயம். 1930களில் அது புதுமையான, நம்பகமான பொருளாக இருந்தது. இன்று அந்தப் பலகையை யாரும் செய்யக் கூடாது. மரத்தில் செய்யலாம், அலுமினியத்தில் செய்யலாம், இவை இரண்டுக்கும் கை எட்டாவிட்டால் செங்கல்லிலேயே செய்யலாம். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைத்தான் பல ஆண்டுகள் செய்து காட்டினார். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி எழுப்பிய ஜாலிச் சுவர். அதற்குத் தனி ஜன்னல் வேண்டாம், சட்டம் வேண்டாம், கிரில் வேண்டாம், பூச்சும் வேண்டாம். அந்த ஊரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களைப் போய்ப் பாருங்கள். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் சேர்ந்தால் செய்யக்கூடிய லூவர் அது.

அரை கிரவுண்டிலும் சில காரியங்கள் முடியும். மனை மேற்குப் பார்த்ததாக இருந்தால், தெருப்பக்கம் படிக்கட்டையும் குளியலறையையும் தள்ளிவிட்டு, வெயில் அங்கேயே களைத்துப்போகும்படி செய்யலாம். படுக்கையறை உள்ளே நிழலில் இருக்கட்டும். ஒவ்வோர் அறைக்கும் காற்று நுழைய ஒரு வழி, வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு வழி. அறைக் கதவுக்கு மேலே ஓரடி உயரத்துக்குச் சட்டமடித்துத் திறந்து விட்டாலே போதும், கதவு சாத்தியிருந்தாலும் ஓட்டம் நிற்காது. மொட்டைமாடியில் ஒரு கூரை, கீற்றுப் பந்தலாக இருந்தாலும் சரி, தகரமாக இருந்தாலும் சரி, தளத்திலிருந்து இடைவெளி விட்டு நிற்கட்டும். வாசல் முகப்புக்கு ஒட்டும் எலிவேஷன் டைல்ஸ், கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங் என்று ஒதுக்கி வைத்திருக்கும் தொகையை இதற்குத் திருப்பினால் கடன் கூடாது. வாஸ்து பார்க்கிறவர்கள் தாராளமாகப் பாருங்கள், சண்டைக்கு வரமாட்டேன். அதோடு நம் ஊர்ச் சூரியனின் பாதையையும் அதே மரியாதையோடு பார்த்துவிடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. பக்கத்து அறையில் தேநீர் வைத்திருக்கிறார்கள். வீட்டு வரைபடம் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் அங்கே என்னிடம் காட்டலாம், தெரிந்ததைச் சொல்கிறேன். வருவதற்கு முன் வரைபடத்தின் மூலையில் வடக்கு எது என்று ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டு வாருங்கள். பல வரைபடங்களில் அது இருப்பதில்லை.